டானிக் படத்துப் பொன்னுரங்கம்

கடல் நீரை ஒரு கை அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் பொன்னுரங்கம் கட்டுமரத்தில் கால் வைப்பார். அதற்கு முன் யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைப்பார். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. அவரைக் கேட்டால், "நான் பொறந்தப்போ பெரும்புயலாம். எந்தப் புயலுன்னு சொல்லாமயே எங்கம்மா பூட்டா" என்பார்.

காசிமேட்டுக் கரையில் நாலு பேர் போகிற மரம் அவர் குடும்பத்துடையது. தம்பி மகன் கோதண்டமும் கூட்டாளிகள் இருவரும் முன்னால் துடுப்புப் போடுவார்கள். பின்னால் நின்று திசை பிடிப்பது இவர். யுத்தகாலத்தில் குண்டுக்குப் பயந்து பட்டணமே மூட்டை கட்டியபோதும் கடலுக்குப் போனவர். காற்று மாறினால் "ம்" என்பார், மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். மரக்கட்டைகளைப் பிணைக்கும் கடைசி முடிச்சை வேறு யாராவது போட்டால் அவிழ்த்துவிட்டுத் தாமே மறுபடி போடுவார். வெற்றிலையை மட்டும் எவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

போன மாசியில் ஒரு டானிக் கம்பெனிக்காரர் போட்டோப் பெட்டியோடு கரைக்கு வந்து, விளம்பரத்துக்கு ஒரு வயோதிகர் வேண்டும் என்றார். பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "ஐயோ, அப்படி இல்லை பெரியவரே. கொஞ்சம் கூனுங்க. இருமுங்க" என்று வந்தவர் ஒரு கைத்தடியை நீட்டினார். தடி ஊன்றிப் பழக்கமில்லாத மனிதர், அதை இரண்டு கையாலும் துடுப்புப் பிடிக்கிற மாதிரி குறுக்கே பிடித்தார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு, தடியை மணலில் நட்டு, அதன் மேல் அவர் கைகளை எடுத்து வைத்தார். சன்மானம் ஒரு பாட்டில் டானிக். "குட்ச்சுப் பாத்தேன். வெல்லத் தண்ணி" என்பது பொன்னுரங்கத்தின் அபிப்பிராயம்.

சித்திரையில் ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில் படம் ஏறியது. இடப்பக்கம் கூனிக் குறுகிய பொன்னுரங்கம். வலப்பக்கம், அந்த மருந்தைக் குடித்துத் தேறியவராம், கோட்டும் சுருட்டை முடியுமாக எவனோ ஒரு வாலிபன். வயதானவர் என்றால் இந்த விளம்பரக்காரர்களுக்கு ஒன்று இரும வேண்டும், இல்லை குமரனாகிவிட வேண்டும். நரைத்த தலையோடு நேராக நிற்கிற மனிதர் அவர்கள் வியாபாரத்துக்கு ஆகமாட்டார்.

முதலில் குப்பமே சிரித்தது. "இன்னா மாமு, கோட்டு எங்க, வூட்ல காயுதா?" என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கோதண்டத்துக்குப் பெண் கொடுக்க இருந்த எண்ணூர்க்காரர்கள் சிரிக்கவில்லை. எழுத்துத் தெரியாதவர்கள், படத்தில் கண்டதுதான் அவர்களுக்குச் சேதி. பெண்ணின் தகப்பன் வாசலிலேயே நின்று, "நோவுல கீற பெர்யவரக் கடலுக்கு இட்டுகினு போறியே, நாளைக்கு எம்பொண்ண இன்னா பாடு படுத்துவே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

கோதண்டம் ஆடிப்போனான். "பெரிப்பா, இனிமே நீ கரைலயே இரேன். வலை கீது, பாத்துக்க."

"எனக்கு இன்னாடா நோவு?"

"எனக்குத் தெரியும் பெரிப்பா. ஊருக்குத் தெர்லியே. செவுத்துல ஒட்டிக்கீறானே."

மரங்கள் கடலுக்குப் போன பிறகு கரையில் மிச்சமிருப்பது நாய்களும் வெயிலும்தான் என்பது பொன்னுரங்கத்துக்குத் தெரியும். போட்டோக்காரன் கூனச் சொன்னான் என்று ஒரு நிமிஷம் கூனியதற்குக் கடலே கையை விட்டுப் போய்விடுமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் விடியற்காலையில் கஞ்சிப் பானையோடு வழக்கம்போல் வந்து நின்றார். வா என்று எவரும் சொல்லவில்லை. வராதே என்று சொல்லவும் எவருக்கும் வாய் வரவில்லை. மரத்தை அலையில் தள்ளி மற்ற மூவரும் ஏறிவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் தனியே நின்ற பெரியப்பனைக் கண்டதும் கோதண்டத்துக்குத் தாங்கவில்லை. அவரை மேலே தூக்கிவிடக் குனிந்து கை நீட்டினான். இத்தனை வருஷத்தில் அவருக்கு யாரும் அப்படிக் கை நீட்டியதில்லை.

பொன்னுரங்கம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கஞ்சிப் பானையை அதில் வைத்துவிட்டு, தாமே தாவி ஏறினார்.