பழைய எண் பதினாலு

கொரோனா வந்த முதல் வருஷம், செஞ்சியில் எங்கள் தெருவுக்கு ஒரு காலையில் தகரம் வந்தது. நான்கு பேர் வண்டியிலிருந்து இறங்கினார்கள். எதிர்வீட்டு வாசலில் சவுக்குக் கழிகளை நட்டார்கள், தகரத்தை வைத்து ஆணி அடித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். போட்டோவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

எதிர்வீட்டில் இருப்பது ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண்ணும் அவள் கணவனும். தகர இடுக்கில் அவள் முகம் தெரிந்தது.

"சார், எங்க வூட்ல யாருக்கும் டெஸ்ட்டே எடுக்கல. இன்னாத்துக்கு அடைக்கிறாங்க?"

விடை, ஆறு வீடு தள்ளியிருப்பவர் உருவத்தில், பால் பாக்கெட்டோடு நடந்து வந்தது. "எனக்குத்தான் சார் பாசிட்டிவ்னு போன் வந்துச்சு. அடைக்க வர்றோம்னாங்க, இன்னும் ஆளையே காணோம்" என்றார், கல்யாணத்துக்குப் பத்திரிகை வராதவர்போல.

அவர் வீடு புதிய எண் 14. எதிர்வீடு பழைய எண் 14, புதிய எண் 20. எங்கள் தெருவில் எல்லாக் கதவிலும் இரண்டு எண்களும் உண்டு. புது எண் போட்ட காலத்தில், 'பழையதை அழிக்க வேண்டாம், பொதுமக்கள் குழம்புவார்கள்' என்று குறிப்பு எழுதிய குமாஸ்தா நான்தான். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன்.

அடைப்புக்குப் பொறுப்பான அதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"லிஸ்ட்ல பதினாலு, கதவுல பதினாலு. இதுல இன்னா சார் தப்பு?"

"பேரைப் பாருங்க."

"நோயாளி பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆர்டர். லிஸ்ட்ல நம்பர் மட்டும்தான் வரும்."

"சரி, வீடு மாறிப்போச்சு. பிரிச்சுடுங்க."

"அடைக்கத்தான் சார் எனக்குப் பவர். பிரிக்கணும்னா பதினாலு நாள் ஆவணும், இல்லாட்டி மேல இருந்து ஆர்டர் வரணும்."

"நோய் இருக்கறவர் பால் வாங்கிட்டுத் திரியறார்யா!"

"அப்படியா? வெளிய வராம இருக்கச் சொல்லுங்க சார்."

தனிமைப்படுத்துவதே தவறு என்று சொல்கிறவன் நான் இல்லை. தொற்றுநோய்க்கு விலகியிருப்பதைவிட நல்ல மருந்து அப்போது இருக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டை அடைக்க உத்தரவு போடுகிறவன், தவறாக அடைத்துவிட்டால் யார், எத்தனை மணி நேரத்துக்குள் திறப்பார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத உத்தரவு நோயைத் தடுப்பதற்கானது அல்ல, கோப்பை மூடுவதற்கானது. இது தெரிய மருத்துவம் படிக்க வேண்டியதில்லை.

மனு எழுதினேன். நகல்கள் மூன்று இடங்களுக்குப் போயின.

மறுநாள் சாயங்காலம் அவள் தகரத்தைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"வல்லத்துல நைனாவுக்கு மூச்சு இழுத்துக்கினு இருக்குதாம் சார். என்னைத்தான் கேக்குதாம். தம்பி பைக்க எடுத்துக்கினு பின்பக்கம் வந்து நிக்கறேன்றான். செவுரு ஏறிப் போய்ட்டு வந்துரட்டா?"

பின்பக்கச் சுவர் ஆடு தாண்டும் உயரம். எனக்கோ, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

"வேண்டாம்மா, கேஸ் ஆயிடும். நாளைக்குள்ள ஆர்டர் வந்துடும். முறையா போவோம்."

"அவரு ஆபீசுல இருந்தவரு, அவருக்குத் தெரியாதா?" என்றான் கணவன் உள்ளேயிருந்து. சுவரோரம் போட்டிருந்த முக்காலியை அவள் எடுத்துப்போகும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் மத்தியானம் அவள் அப்பா இறந்தார். கொள்ளி வைத்ததைச் செல்போனில் பார்த்தாள். ஆர்டர் அதற்கும் மறுநாள் வந்தது, முறையாக, முத்திரையோடு. பாசிட்டிவ்காரர் அதற்குள் இருமலோடு இரண்டு தடவை ரேஷன் கடைக்குப் போய்வந்திருந்தார்.

தகரத்தைப் பிரிக்க அதே நான்கு பேர் வந்தார்கள். பிரித்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம், என்னிடம்தான் நீட்டினார்கள். கதவு எண் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி ஒருவர் கேட்டார்:

"பழசு போடறதா சார், புதுசு போடறதா?"

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. வாசலில் நின்றிருந்த அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சாரைக் கேளுங்க. அவருக்குத்தான் முறை தெரியும்."

கையெழுத்துப் போட்டேன்.