வளர்மதியின் ஆறு படிவங்கள்

கள்ளக்குறிச்சியில் முதுகலை படித்தபோது எங்கள் நால்வர் ஆய்வுக் குழுவுக்கு நான்தான் தலைவி. கல்வராயன் மலையில் குடிதண்ணீருக்காகப் பெண்கள் எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்பது தலைப்பு. ஆளுக்கு ஓர் ஊர், இருபது வீடு என்று பிரித்தேன். பேருந்து நிற்கும் ஊரை எனக்கே எழுதிக்கொண்டேன். செங்குத்தாக ஏறிப் போகவேண்டிய ஊரை, எதற்கும் மறுத்துப் பேசாத வளர்மதியின் தலையில் கட்டினேன்.

நான் டீக்கடையை விட்டு நகரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களைக் கேட்டு இருபது படிவத்தையும் நிரப்பினேன். எல்லாவற்றிலும் பத்து நிமிடம்.

சாயங்காலம் வளர்மதி ஆறே படிவங்களோடு இறங்கி வந்தாள்.

"இன்னாடி, நாள் பூரா சுத்திட்டு ஆறுதானா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நின்னு பேச அவங்களுக்கு ஏது நேரம்? நானும் ஒரு கொடம் தூக்கிக்கினு ஊத்துக்குக் கூடவே போனேன். நடந்துக்கினே கேட்டேன்" என்றாள். அவள் சுடிதார் இடுப்புப் பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. படிவங்களில் ஐம்பது, அறுபது என்று வீட்டுக்கு வீடு வேறு நிமிடம்.

"நீ எத்தினி முடிச்ச?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

என் பைக்குள் இருபதும் இருந்தன. "ஒண்ணுகூட இல்லடி" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வேலையைப் பிரிக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்தேன். எனக்கு அதே ஊரைத்தான் கொடுத்தாள். சுலபமான ஊர் என்று நானே எடுத்துக்கொண்ட ஊர். முதல் வீட்டு அக்காவோடு ஊற்றுக்குப் போய்வந்து, குடத்தை இறக்கிவிட்டு மணி பார்த்தேன்.

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.