தோக்கியோ நேரத்தில் ராகு காலம்

ஒன்றரை மணியைக் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாத முட்டாள் ஒருவன் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊர் காஜா பேராங்கில் இருந்தான் என்றால், அது நான்தான். வேறு யாரையும் தேட வேண்டாம்.

ஜப்பான்காரன் வந்து நாட்டைப் பிடித்ததும் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரப்படி ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னான். எல்லாரும் கேட்டோம். சூரியன்தான் கேட்கவில்லை, ராத்திரி எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் நின்றது.

ஆபீஸ் குமாஸ்தாக்களான எங்களுக்கு ஜப்பான் மொழி வகுப்பு வேறு. "நிப்பான் ஒரு மலைநாடு. பெரிய தீவுகள் நான்கு. தலைநகர் தோக்கியோ. உயர்ந்த மலை ஃபூஜி." குளிக்கும்போதுகூட இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஃபூஜி மலையே என் தலையில் உட்கார்ந்த மாதிரி ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தோடுதான் பெண் கேட்கப் போனேன். பெண் வீடு பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமில். குருபோங் ஊரிலிருந்தும் ஒரு வரன் வந்திருந்தது. பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வரலாம், ராகு காலத்தில் வாசலை மிதிக்கக் கூடாது.

ஞாயிறு ராகு காலம் பழைய மணிக்கு நாலரையிலிருந்து ஆறு. "புதுக் கடிகாரத்தில் எத்தனை மணிடா?" என்றாள் அக்கா. ஒன்றரையைக் கழித்தேன். "மூணுலேர்ந்து நாலரை. அஞ்சுக்குக் கிளம்புவோம்."

"நல்லாப் பாத்தியா?"

"நான் நிப்பான் வகுப்பில முதல் ஆளு, அக்கா."

வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இருவரும் நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது புதுக் கடிகாரத்தில் ஆறேகால். பெண்ணின் அப்பா வேலிப் படலைக்கு உள்ளே நின்றார். திறக்கவில்லை.

"என்ன தம்பி, ராகு காலத்தில வந்து நிக்கிறீங்க?"

"அது நாலரைக்கே போயிடுச்சு மாமா," என்று கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த நாடு நமக்கு எந்தப் பக்கம்?"

எனக்குக் குஷி வந்துவிட்டது. "கிழக்கே மாமா. மலைநாடு. பெரிய தீவுகள் நாலு..."

"மலை இருக்கட்டும். கிழக்கேன்னா அங்க பொழுது முன்னாடி விடியுமா, பின்னாடி விடியுமா?"

"முன்னாடிதான்."

"அப்ப அவன் கடிகாரம் நம்ம பழைய மணிக்கு முன்னால ஓடுமா, பின்னால ஓடுமா?"

ஒன்றரையைக் கழித்திருக்கக் கூடாது, கூட்டியிருக்க வேண்டும். ராகு காலம் ஆறிலிருந்து ஏழரை. அதற்குள்ளே சரியாகக் காலை வைத்திருக்கிறேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, வாழைப்பழத்தைப் பார்த்தாள். "முதல் ஆளாம்," என்றாள்.

"இன்னும் வாசலை மிதிக்கலையே மாமா," என்றேன் மெதுவாக. "வெளியதானே நிக்கிறேன்?"

அவர் யோசித்தார். "அப்ப அங்கேயே நில்லுங்க."

நின்றோம். ஒன்றேகால் மணி நேரம். கொசு எங்களைப் பெண் பார்த்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். அக்கா சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் என் கணக்கை விளக்கினாள். ஜன்னல் பக்கம் இரண்டு முறை வளையல் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம் ஒரு முறை. போச்சு, குருபோங்காரன் ஜெயித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏழரைக்குப் படலை திறந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சீனியில்லாத கோப்பியும் வந்தன. அக்காவும் அவரும் என்னென்னவோ பேசினார்கள். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஆட்சேபம் இல்ல. ஓடிப் போகாம நின்னீங்களே. ஆனா வாழப்போறது அவ. அவகிட்டயே கேட்டுக்குங்க."

கதவோரம் அவள் நின்றாள். எப்படியோ கேட்டேன்: "இப்படி ஒரு முட்டாளைக் கட்டிக்கச் சம்மதமா?"

"சம்மதந்தான்; இனிமே நேரம் பாக்குறது நான்."