நாங்கள் வாங்காத வீட்டின் தண்ணீர்

வீடு பார்க்கப் போனவன் சுவரைத் தட்டிப் பார்த்தேன், கதவுகளைத் திறந்து மூடினேன், மோட்டாரைக்கூடப் போட்டுப் பார்த்தேன். குழாயில் கொட்டிய தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். தோல் கழிவு இறங்கிய அந்தப் பக்கத்துக் கிணறுகளின் கதி ஊருக்கே தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிது. பாகாயத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். மேல்விஷாரத்துக்கு வெளியே இருந்த அந்த வீடு, டவுனை ஒட்டிய சத்துவாச்சாரியில் சொன்ன விலையில் பாதிக்கு வந்தது. என் சம்பளத்தோடு, நர்ஸாக இருந்த மனைவியின் சம்பளமும் சேர்ந்தால் பேங்க் தவணை போகக் குடும்பம் நடத்திவிடலாம். நான் பேப்பர் வாங்குவதை நிறுத்த வேண்டும். யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது. உறவில் யாரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் தருவதாக வீட்டுக்கார பாயிடம் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை டியூட்டி முடிந்து மனைவி வீட்டைப் பார்க்க வந்தாள். சுவரைத் தட்டவில்லை. கையோடு கொண்டுவந்த தூக்கில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். பாகாயம் திரும்பியதும் அதில் பருப்பு வைத்தாள்.

"என்னங்க, இத்தினி விசில் வந்தும் பருப்பு வேகல."

"பழைய பருப்பா இருக்கும்."

"இதே பருப்புதான் காலைல நம்ம தண்ணில வெந்துச்சு. நீங்கதான ரெண்டு தரம் ஊத்திக்கினீங்க?"

கரண்டியில் எடுத்துக் காட்டினாள். முழுசு முழுசாகக் கிடந்தது. வாயில் வைத்தேன், உப்புப் போடாமலே கரித்தது.

"குடிக்க, சமைக்க எல்லாம் லாரித் தண்ணி வாங்கணும். உங்க கணக்குல அதுக்கு இன்னா போட்டிருக்கீங்க?"

'தண்ணீர் உண்டு' என்று போட்டிருந்தேன். செலவில் அல்ல, வசதிகளில்.

லாரித் தண்ணீரைச் சேர்த்து மறுபடி கூட்டினேன். மாதக் கடைசி வாரம் சாப்பாட்டுக்கு வழியில்லை.

"இப்ப எதை நிறுத்துவீங்க?" என்றாள்.

பேப்பரை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. வீட்டை நிறுத்தினோம்.

மறுநாள் வெறுங்கையோடு போய், பருப்பு வேகாத கதையை நானே கண்டுபிடித்த மாதிரி பாயிடம் விளக்கினேன். கோபிக்காமல் முழுக்கக் கேட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"தண்ணி நல்லா இருந்தா," என்றார், "உங்க சம்பளத்துக்கு இந்த வீட்ட எவன் சார் காட்டுவான்?"