அத்தா பிடித்த ஜப்பான் கம்பு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் அத்தா கராத்தே வகுப்பில் சேர்ந்தார். அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. வகுப்பில் அவருக்கு அடுத்தபடி மூத்தவர் மாஸ்டர்தான், அவருக்கு இருபத்தேழு. மற்ற எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதில் நானும் ஒருத்தி, மஞ்சள் பெல்ட்.

அத்தாவும் ஒரு மாஸ்டர்தான். தெற்குமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். அளவெடுப்பதும் துணியில் கோடு போட்டு வெட்டுவதும் அவர் வேலை. அவர் வெட்டிப் போடுவதைத்தான் மற்ற ஆறு பேர் மிஷினில் உட்கார்ந்து தைப்பார்கள். கடையில் அத்தனை பேரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கராத்தே வகுப்புக்கு யூனிபார்ம் தைக்கும் ஆர்டர் அவர்கள் கடைக்கு வந்தது. அளவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்த அத்தா, வேலை முடிந்த பிறகும் கிளம்பவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டபடி வேப்பமரத்தடியில் நின்று, பெரிய பையன்கள் கம்பு பழகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்டரிடம் போய், "இதுல வயசானவங்க சேரலாமா தம்பி?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்க பாய். கடைல நீங்க மாஸ்டர், இங்க நான் மாஸ்டர். கணக்குச் சரியாப் போச்சு," என்று அவர் சிரித்தார். அத்தா விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த ஞாயிறு, தானே வெட்டித் தானே தைத்த வெள்ளை யூனிபார்மைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் தயாராகி நின்றார்.

அவர் கற்றுக்கொள்ள வந்தது கையால் அடிக்கிற கராத்தே அல்ல, கம்பு. ஆறடி நீளம், நடுவில் தடித்து இரண்டு நுனியிலும் மெலிந்திருக்கும். அதற்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் போ. எங்கள் வீட்டில் இந்தப் பெயர் பட்ட பாடு கொஞ்சமல்ல. "என் போ எங்க?" என்று அத்தா தேடினால், "எங்கயாச்சும் போங்க" என்பாள் அம்மா. வகுப்பில் இருந்த பொதுக் கம்புகள் அவர் உயரத்துக்குப் போதவில்லை என்று, தன் உயரத்தைத் தானே டேப்பால் அளந்து, கடைசல் பட்டறையில் கொடுத்துத் தேக்கில் ஒன்று கடைந்து வாங்கி வந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிலம்பத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கம்பு நிற்காமல் சுழலும், காற்றில் வட்டம் தெரியும். போ அப்படியல்ல. ஓங்கி அடிக்கும் அடி, அடித்த இடத்தில் ஆணி அறைந்த மாதிரி நிற்க வேண்டும். எதிரே ஆள் இருக்க மாட்டான், இருப்பதாக நினைத்துக்கொண்டு அவன் தலைக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று வரிசையாக அடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த வரிசைக்குக் கட்டா என்று பெயர். ஒவ்வொரு அடியும் முடிந்ததும் மாஸ்டர் மூன்று எண்ணுவார். அதுவரை நுனி அசையக் கூடாது. "அடிக்கிறதுக்கு எல்லாராலயும் முடியும். நிப்பாட்டுறதுதான் வித்தை," என்று அவர் சொல்லும்போது, பிள்ளைகள் நாங்கள் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருப்போம். அத்தா மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்.

வகுப்பில் பெல்ட் வரிசைப்படிதான் நிற்க வேண்டும். வெள்ளை பெல்ட்காரர்கள் கடைசி வரிசை. அந்த வரிசையில் இருந்தவர்கள் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் அத்தா தாடியும் தொப்பையுமாக நின்று, "இச், நி, சன், ஷி" என்று ஜப்பான் மொழியில் உரக்க எண்ணுவார். திரும்பும் பக்கம் மறந்து எல்லோரும் வலப்பக்கம் திரும்பும்போது அவர் இடப்பக்கம் திரும்புவார். சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அதற்கு முன் வரிசையில் நின்ற எனக்கு முதுகு எரியும்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் அம்மா எதையும் லேசில் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. அத்தா ஒரு டீ கூடக் குடித்துவிட்டு வந்தால் அதற்கு விசாரணை உண்டு. அவள் இந்தக் கம்பு விஷயத்தில் மட்டும் அத்தா பக்கம் நின்றாள். "அவரு போனாப் போய்ட்டு வரட்டும். ஒனக்கு என்ன வலிக்குது?" என்றாள். அவருடைய வெள்ளை யூனிபார்மைத் தனியாக ஊறவைத்து, நீலம் போட்டு அலசிக் காயப்போடுவாள். காலையில் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்ததும் அத்தா மொட்டை மாடியில் பழகுவார். அந்த நேரத்தில் யாரும் மாடிக்குப் போகக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. அது கம்பு மேலே பட்டுவிடும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். நான் கைக் கட்டாவில் பெயர் கொடுத்திருந்தேன். பெரியவர்களுக்கான கம்புப் பிரிவில் அத்தா பெயர் கொடுத்திருக்கிறார் என்பது, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது அவர் கையில் உறை போட்ட கம்பைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். உறையையும் அவரே தைத்திருந்தார். கண்டக்டர், "என்ன பாய், சிலம்பமா?" என்று கேட்டார். "இல்லண்ணே, இது ஜப்பான்," என்று அத்தா பெருமையாகச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியத்துக்குள் என் பிரிவு முடிந்தது. எனக்கு மூன்றாம் பரிசு, வெண்கல மெடல். கழுத்தில் மெடலோடு முன் வரிசைத் தரையில் போய் உட்கார்ந்தபோது, இரண்டாம் பரிசு வாங்கிய பெண் எனக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். வேறு ஊர் வகுப்பு, அழகாகப் பேசினாள், கையில் வாட்ச் கட்டியிருந்தாள். அரை மணி நேரத்தில் உயிருக்கு உயிரான தோழிகள் ஆகிவிட்டோம்.

பிறகு பெரியவர்கள் பிரிவு. மூன்றே பேர். முதல் இரண்டு பேரும் கல்லூரிப் பையன்கள், கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. மூன்றாவதாக அத்தா வந்து குனிந்து வணங்கினார். தோழி என் பக்கம் சாய்ந்து, "இந்தத் தாத்தா உங்க கிளாஸா?" என்றாள்.

"எங்களுக்கு டிரஸ் தைக்கிற டெய்லர். சும்மா எங்க கூட வந்தாரு," என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அத்தா நன்றாகத்தான் தொடங்கினார். முதல் அடி, தலைக்கு. கம்பு நேராக இறங்கி நின்றது. அவர் மனசுக்குள் மூன்று எண்ணுகிறார் என்பது உதட்டசைவில் தெரிந்தது. இரண்டு எண்ணுவதற்குள் நுனி ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு ஆறடிக்கு அந்தப் பக்கம் யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி. அடுத்த அடிக்குப் போனார். ஓங்கும்போது ஆட்டம் இல்லை, நிறுத்தினால் ஆடியது. மண்டபத்தில் பேச்சுக் குறைந்தது. பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான், அதைக் கேட்டு இன்னும் நாலைந்து பேர். அத்தாவின் முகம் வேர்த்துப்போயிற்று. கடைசிக்கு முந்தைய அடியில் வலது கையிலிருந்து கம்பு நழுவியது. தடாலென்று தரையில் விழுந்து, உருண்டு, என் கால் பக்கம் வந்து நின்றது.

கையை நீட்டியிருந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அத்தா நடந்து வந்தார். தோழிதான் கம்பை எடுத்து நீட்டினாள். "நீங்க டெய்லராமே, இவ சொன்னா," என்று ஏதோ ஆறுதல்போலச் சொன்னாள். அத்தா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளிடம், "ஆமாம்மா, டெய்லர்தான்," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பிப் போய், மிச்சமிருந்த இரண்டு அடிகளையும் அடித்து, வணங்கி முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. நான் தட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அத்தா வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டார். மாடியில் பழகுவதும் மெல்ல நின்றுபோயிற்று. அடுத்த வருடம் கடையில் அளவு நோட்டில் அவர் எழுதும் எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துக்கொண்டே போயின. "மாஸ்டர், இது ஒன்னா ஏழா?" என்று மிஷின்காரர்கள் கேட்டுக் கேட்டுத் தைத்தார்கள். ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டுத் துணியை, அளவை அவரே அப்படித் தவறாகப் படித்து வெட்டிவிட்டார். முதலாளி நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கத்தரிக்கோலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அத்தாவைப் பட்டன் கட்ட உட்கார வைத்தார். ஊசியில் நூல் கோர்க்கவே அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு நாள் மதியமே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர், பிறகு கடைக்குப் போகவேயில்லை.

நோயின் பெயர் பார்க்கின்சன் என்று நான் பத்தாம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன், ஆஸ்பத்திரிச் சீட்டில் படித்து. எப்போதிலிருந்து என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ அஞ்சாப்பு படிக்கயிலேயே டாக்டர் சொல்லிட்டாரு. கம்பு கிளாஸ்ல சேர்றதுக்கு முந்தியே தெரியும். புள்ளைககிட்டச் சொல்லாத, பயந்துக்கிரும்னு ஒங்கத்தாதான் சத்தியம் வாங்குனாரு," என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, "கம்பைப் பிடிச்சிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் கை கொஞ்சம் சொன்னபடி கேக்குதுன்னு சொல்லுவாரு. ஏன் விட்டாருன்னுதான் தெரியல," என்றாள்.

ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இப்போது உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். நடக்க முடிகிற நோயாளிகளை இரண்டு கையாலும் ஒரு தடியைப் பிடிக்கவைத்து, எண்ணி எண்ணி அடி வைக்கச் சொல்வாள். முதல் நாள் அதைப் பார்த்ததும் அவளைத் தனியாக அழைத்துப் போனேன். ஆரம்பத்திலேயே அத்தா இதை விடாமல் செய்திருந்தால் குணமாகியிருக்குமா என்று கேட்டேன். "குணமாகாது. கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கலாம்," என்றாள். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது அத்தாவைப் படுக்கையில் புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். முகத்தில் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும் என்கிறார்கள். அதனால் அவர் என்னைப் பார்க்கும்போது மன்னித்துவிட்டுப் பார்க்கிறாரா, மறந்துவிட்டுப் பார்க்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. போன ரமலானில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அத்தா, மேலூர் போட்டி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். பதில் வர வெகுநேரம் ஆயிற்று. காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அவர் பேசுவது கேட்கும்.

"நீ மெடல் வாங்குன," என்றார்.

மன்னிப்புக் கேட்பதற்காக நான் எடுத்து வைத்திருந்த சொற்கள் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. மிச்சக் கஞ்சியை ஊட்டி வாயைத் துடைத்துவிட்டேன்.

நான் சொல்ல நினைத்தது, மேலூரிலிருந்து நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்த சாயங்காலத்தைப் பற்றி. மூன்று பேர் உட்காரும் சீட்டில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வயல்களெல்லாம் தாண்டி, ஒத்தக்கடை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "ஏன் அம்புட்டு பயந்தீங்க?" என்று கேட்டேன்.

அத்தா என் பக்கம் திரும்பினார். "பயமாத்தாம்மா இருக்கு," என்றார். இருந்தது என்று சொல்லாமல் இருக்கு என்று அவர் சொன்னது அப்போது என் காதில் விழவில்லை.

"பயமா இருந்தா எதுக்கு வாரீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க. இனிமே கிளாஸுக்கு வராதீங்க."

"சரிம்மா."

"நெசமா?"

"நெசமாத்தான். இனி வரல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு லேசாக முடிந்துவிட்ட காரியத்துக்கா இத்தனை மாதம் குமைந்தோம் என்று தோன்றியது. காலையிலிருந்து நின்ற களைப்பில் கண் சொக்கியது. அவர் மடியில் தலை வைத்துக் கால்களை மடக்கிப் படுத்தேன். அவர் வலது கையை என் முதுகில் வைத்தார். அந்தக் கை சீராக, விடாமல், மெல்ல மெல்ல என் முதுகில் பட்டுக்கொண்டேயிருந்தது. என்னைத் தட்டித் தூங்க வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணி வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.