அண்ணை திருத்திய காதல் கடிதங்கள்

போன சனிக்கிழமை புறநகரான கர்க்லாண்டில் ஒரு வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். போனால், புத்தகத்துக்கு முன்னுரை கேட்கிறார்கள். எழுதுகிறவளுக்கு இது வழக்கமான விபத்துதான்!

கூப்பிட்டவர் சிவஞானம் அண்ணை. ஊர்ச் சங்கம் ஒன்றின் முன்னாள் தலைவர். தலைவர் என்றால்... வருடத்துக்கு ஒரு கோடை ஒன்றுகூடல், ஒரு மைக், அதற்கு நான்கு பேர் சண்டை. ஓய்வுபெற்ற பிறகு, அமெரிக்காவின் ஆரம்பகாலத் தலைவர்கள் எழுதிய கடிதத் தொகுப்புகளை நூலகத்திலிருந்து எடுத்து வாசித்திருக்கிறார். கற்றுக்கொண்டது என்ன? விடுதலையா? குடியரசா? பெரிய மனிதர் என்றால் ஒரு கடிதத் தொகுப்பு வேண்டும் — அவ்வளவுதான்.

"அவையள் மனுசிமாருக்கு எழுதினதையும் போட்டிருக்கினம், தங்கச்சி. நானும் போடுறன்" என்றார்.

யுத்த காலத்தில் அகதியாக இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தவர், யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்கள். டைப் செய்த பிரதியைப் புரட்டினேன். 'அன்பே, நமது இனத்தின் எதிர்காலம் குறித்து ஆழ்ந்து சிந்திக்கிறேன்...' பக்கம் பக்கமாக இதே சங்கதி. கட்டிய மனைவிக்கு எந்த மனிதன் இப்படி எழுதுவான்?

மனைவி ராணி அக்கா ஒரு பிஸ்கட் பெட்டியைத் திறந்து, நீல ஏர்மெயில் கடிதம் ஒன்றை நீட்டினார். டைப் செய்த பிரதியில் இருந்த அதே திகதி. இனமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. 'கோட் இல்லை. குளிருக்கு மெட்ரோவுக்குள்ள நிண்டு அழுதனான். பயமாக் கிடக்கு. நீர் கெதியா வாரும்.'

"கொஞ்சம் திருத்தினனான்" என்றார் அண்ணை, கூச்சமே இல்லாமல். "அந்த அமெரிக்கத் தலைவர்மாரிலயும் சில பேர் வயசுபோன காலத்தில தங்கட கடிதங்களைத் திருத்தினவைதானே! ராணி, அந்தப் பெட்டியைத் தாரும். இனி அது தேவையில்லை. கிழிச்சு ரீசைக்கிள் குப்பைக்குள்ள போடுவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவோ இருக்க, அந்தத் தலைவர்களிடமிருந்து இவர் எடுத்துக்கொண்டது இந்தக் கள்ளத்தனத்தைத்தான். 'பயமாக் கிடக்கு' என்று ஒரு வரி இருந்தால் இவருடைய சிலை சரிந்துவிடுமாம். அந்தச் சிலைக்கு இன்னும் யாரும் பீடம்கூடக் கட்டவில்லை என்பது வேறு விஷயம்!

ராணி அக்கா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"தரமாட்டன். அழுத மனுசனை நம்பித்தான் நான் பிளேன் ஏறினனான். உந்தப் புத்தகத்தில இருக்கிறவரை நம்பி ஏறியிருக்கமாட்டன்."

அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னுரை எழுத முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குள் இருக்கிற மனிதர் கேட்டால்... உடனே எழுதுவேன்.