பதினெட்டு என்று சொன்னவர்

நகரப் பேருந்து ஓட்டி இருபத்திரண்டு வருஷம் ஆன ஒருவர் இருந்தார். டிப்போவில் மட்டுமல்ல, தெருவிலும் கடையிலும் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர். வாரத்தில் ஆறு நாள் பஸ், ஏழாவது நாள் மச்சினன் வீடு.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. கட்டட வரைபடம் போடுவது அவன் வேலை. ஞாயிறு பிற்பகலானால் அவன் வீட்டு நடு அறையில் நாலு பேர் கூடுவார்கள்: அவன், டிரைவர், மேல்மாடியில் குடியிருக்கும் நர்ஸ், அச்சகத்தில் பிழை திருத்தும் ஒருவர். கதை விளையாட்டு. மச்சினன் கதை சொல்வான், மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். மதிலைத் தாண்ட முடிந்ததா, பூட்டு உடைந்ததா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும். பெரிய எண் விழுந்தால் தப்பித்தாய், சின்ன எண் விழுந்தால் மாட்டினாய்.

டிரைவரின் பாத்திரம் ஒரு தூதன். குதிரை கொடுத்தாலும் ஏற மாட்டான்.

"ஆறு நாள் உட்கார்ந்தே ஊரைச் சுத்துறேன். இங்கயாவது என்னை நடக்க விடுங்கப்பா" என்பார்.

மச்சினன் ஒரு பழைய டிவியை மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே கண்ணாடி போட்டு, லேப்டாப்போடு இணைத்திருந்தான். அதற்கென்றே இருக்கும் மென்பொருளில் காடும் கோட்டையும் திரையில் விரியும். ஆட்கள் நகர நகர இருட்டு விலகும். பகடையைக்கூட அதுவே உருட்டும், ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். முதல் வாரமே டிரைவர் முரண்டு பிடித்தார்.

"படத்தை அது காட்டட்டும். பகடை என் கையிலதான் உருளணும். அது போட்டு நான் செத்தா யாரைத் திட்டுறது?"

அதனால் படம் திரையில், பகடை கையில் என்று முடிவானது. அவரவர் முன்னால் ஒரு சின்ன மரத்தட்டு. விழுந்த எண்ணை உரக்கச் சொன்னால் மச்சினன் லேப்டாப்பில் போட்டுக்கொள்வான். அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. நாலு வருஷம் யாரும் பார்க்கவும் இல்லை.

ஐந்தாவது வருஷம் தூதனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பதினாறு, பதினெட்டு, பதினேழு. அம்பு படவில்லை, ஆற்றில் அடித்துப் போகவில்லை. ஒரு மாதம் எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது மாதம் மச்சினன் மட்டும் கைதட்டவில்லை. ஒரு ஞாயிறு, மேஜைக்கு மேலே ஒரு கேமராவைத் தொங்கவிட்டான்.

"தட்டுல விழுறதை இதுவே படிச்சு திரையில போட்டுடும். எனக்குத் தட்டுற வேலை மிச்சம்" என்றான்.

அன்று கயிற்றுப் பாலம். தூதன் முதல் அடி வைத்தான். டிரைவர் பகடையை உருட்டிக் குனிந்து பார்த்தார்.

"பதினெட்டு!"

திரையில் 8 என்று எரிந்தது.

"மாமா, சரியாப் பாருங்க" என்றான் மச்சினன்.

"பார்த்துட்டுதான்டா சொல்றேன். உன் கேமராவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "எட்டுதான்" என்றாள்.

"சரி, இன்னொரு தடவை போடுறேன்." உருட்டினார். "பதினாறு."

திரையில் 6.

மச்சினன் லேப்டாப்பை மூடினான். "விளையாட்டுலகூடவா மாமா பொய் சொல்வீங்க? மூணு மாசமா பார்த்துட்டுதான் இருக்கேன். இந்தக் கேமராவை வெச்சதே உங்களுக்காகத்தான்."

டிரைவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை முதல் டிரிப். சீட்டில் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பி, உள்கண்ணாடியில் கண்டக்டரைப் பார்த்தார். தோள் தெரிந்தது, பை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் விரலால் அழித்துவிட்டது போல ஒரு மங்கல். பல மாதமாகவே அப்படித்தான் இருந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து தினமும் துணியால் துடைத்துவந்தார். அன்றும் துணியை எடுத்தார். எட்டுதான் என்று நர்ஸ் சொன்னது நினைவுக்கு வர, துணியை வைத்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

"என்னண்ணே, உடம்பு முடியலையா?" என்று டிப்போவில் கேட்டார்கள்.

"கண்ணு சரியில்லப்பா. வேற ஆளைப் போடுங்க."

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ஓரத்துல நல்லாத் தெரியும். நடுவுலதான் போயிருக்கு. அந்த இடத்தை மூளை தானா நிரப்பிக்கும். அதான் உங்களுக்கே தெரியாம இருந்திருக்கு."

"எதை வெச்சும்மா நிரப்பும்?"

"பழகினதை வெச்சு. சில சமயம் நாம எதிர்பார்க்கிறதை வெச்சு."

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கலாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒரு திருப்பம் இருக்குல்ல? ஒரு வருஷமா அங்க நான் பார்த்தது நிஜமா இருந்துச்சா, நானா நினைச்சுக்கிட்டதான்னு தெரியலம்மா" என்றார். சொல்லிவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தம்பியிடம் சொல்லக் கூடாது என்று மனைவிக்குக் கண்டிப்பு. அவள் இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது ஞாயிறு தானே தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அவரு பொய் சொல்லலடா. அவருக்குத் தெரியல."

விஷயத்தைக் கேட்டதும் நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். "தினம் நாப்பது நோயாளியைப் பார்க்கிறேன். எனக்கே தோணலையே!"

மச்சினன் அப்படியே கிளம்பி அக்காவோடு வந்தான். டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவன் குரலைக் கேட்டதும் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் பார்க்க முயன்றார்.

"மன்னிச்சிடுங்க மாமா."

"நீ கேமரா வெக்கலேன்னா நான் இன்னும் ஓட்டிட்டு இருப்பேன். யாராவது பெத்த பிள்ளை மேல ஏத்தியிருப்பேன். அந்த வகையில நீ நல்லதுதான் செஞ்ச." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா என்னைக் கேட்டிருக்கலாம்டா. தனியாக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை."



எல்லோரும் வற்புறுத்தியதில் அடுத்த மாதம் டிரைவர் மீண்டும் விளையாட வந்தார். கேமராவைக் கழற்றியாகிவிட்டது. அவர் பகடையை உருட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து மச்சினன் படித்துச் சொல்வான். திரையில் என்ன தெரிகிறது என்பதையும் விவரிப்பான்: இடதுபக்கம் பாறை, எதிரே கயிற்றுப் பாலம், பாதிப் பலகை இல்லை. தூதன் பிழைத்துக்கொண்டே இருந்தான். பதினஞ்சு, பதினேழு, பத்தொன்பது.

மூன்றாவது வாரம் டிரைவர் பகடையைப் போட்டார். "பதினேழு மாமா!" என்றான் மச்சினன்.

டிரைவர் சிரிக்கவில்லை. "மூணு வாரமா எனக்கு ஒரு அடிகூட விழலையே. எப்படி?"

காற்புள்ளி ஒன்று தவறினாலும் விடாத அச்சகத்துக்காரர் குனிந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பொய் சொல்றது யாருடா?" என்றார் டிரைவர். குரலில் கோபம் இல்லை. "என்ன விழுந்திருக்கு, சொல்லு."

மச்சினன் மறுபடி தட்டைப் பார்த்தான். "ரெண்டு மாமா."

"அப்ப பாலத்துல இருந்து விழுந்துட்டான்."

"இன்னொரு தடவை போடலாம்..."

"வேண்டாம். விழுந்தவன் விழுந்தவன்தான். நீ கதையைச் சொல்லு."

மச்சினன் சொன்னான். கயிறு அறுந்தது, ஆறு கொண்டுபோனது. சொல்லச் சொல்ல நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் தலையை ஆட்டியபடி கடைசிவரை கேட்டார். புதுசாக ஒரு பாத்திரம் செய்யலாம் என்றபோது, "பார்க்கலாம்" என்றார்.

அதன்பிறகு வரவில்லை. மனைவி காரணம் கேட்டாள்.

"கோபமெல்லாம் இல்ல. எல்லாரும் சிரிக்கிறாங்க, குரல் வர்ற பக்கம் திரும்பினா அங்க மூஞ்சி இல்ல. நாலு பேர் நடுவுல உட்கார்ந்தும் தனியா இருக்கிற மாதிரி இருக்கு."

இரண்டு பேரை வைத்துக் கதை ஓடவில்லை. சில வாரத்தில் மச்சினன் டிவியைச் சுவரில் மாட்டிவிட்டான்.

டிப்போவில் அவருக்கு விசாரணை அறையில் தொலைபேசி எடுக்கும் வேலை கொடுத்தார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம், அதற்குக் கண் தேவையில்லை. ஞாயிறு பிற்பகலில் மச்சினன் அவரை நடக்க அழைத்துப் போவான். பெரும்பாலும் பஸ் நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில்தான் போய் உட்காருவார்கள்.

ஒருநாள் ஒரு வண்டி வளைந்து உள்ளே வந்து நின்றது. மச்சினன் நம்பரைப் படிக்குமுன் சத்தத்தை வைத்தே டிரைவர் நிமிர்ந்தார். அவர் ஓட்டிய வண்டி. இருபத்தைந்து வயதுகூட இராத ஒருவன் அதிலிருந்து குதித்து இறங்கினான்.

"பின்பக்கம் பிரேக் இழுக்குது. அவன்கிட்ட போய் சொல்லு" என்றார் டிரைவர்.

மச்சினன் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பாத்துக்கிறேன் என்றானாம்.

"யார் சொன்னதுன்னு கேட்டானா?"

"கேக்கல மாமா."

டிரைவர் சரி என்று தலையசைத்தார். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் ஓயும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.